இருக்குமிடம் அறிவிக்கும் கருவிகளை மக்கள் ஏற்ற வரலாறு

முன்னுரை

புதிய கருவி ஒன்று தோன்றுவது ஒரு வரலாறு. அக்கருவியை மக்கள் எடைபோட்டு ஏற்றுக்கொள்வதும் தள்ளிவைப்பதும் மற்றொரு வரலாறு. முன்னதைப் பற்றி எழுதுவோர் பலர். பின்னதைப் பற்றி எழுதுவோர் சிலரே. ஆயினும் ஒரு சமுதாயத்தின் அறிவு முதிர்ச்சியை அளந்தறிவதற்குப் பின்னதே பெரிதும் பயன்படும்.

இன்று கைப்பேசி வைத்திருப்பவர் எங்கே இருக்கிறார் என்பதை அக்கைப்பேசியே அறியும். அழைத்தவரின் வாயிலுக்கு வாடகைக்கார் வருகின்றது. அறியாத ஊரிலும் வழி தெரிகின்றது. கொள்ளை நோய் பரவிய காலத்தில் யார் யாருக்கு அருகில் இருந்தார் என்பதும் பதிவாயிற்று. இவற்றுள் சிலவற்றை மலேசிய, சிங்கப்பூர் மக்கள் சில நாள்களிலேயே ஏற்றுக்கொண்டனர். சிலவற்றைத் தயங்கித் தயங்கி ஏற்றனர். சிலவற்றை ஏற்ற பின்னர் ஐயுற்றனர். அவர்கள் எந்தத் தராசில் இட்டு இவற்றை நிறுத்தார்கள்? இவ்வினாவுக்கு அண்மைக்கால வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரட்டும் அடையாள அட்டையும்

ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பிறர் அறிந்து வைத்துக்கொள்வது இந்நாட்டுத் தமிழருக்குப் புதிதன்று. ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டுக் களம் கூடும். கிராணியார் பெயரைக் கூப்பிட, தொழிலாளர் விடை கூறுவர். இன்னார் வந்துள்ளார், இன்னார் வரவில்லை, இன்னார் இன்ன நிரைக்குப் போகிறார் என்பன எல்லாம் புத்தகத்தில் ஏறும். அந்தப் பதிவினால் தொழிலாளிக்குக் கூலி கிடைத்தது. அதே பதிவினால் அவன் தோட்ட நிருவாகத்தின் பிடியிலும் இருந்தான். நன்மையும் கட்டுப்பாடும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டிருந்தன.

1948இல் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபோது 12 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் பதிவு செய்யப்பட்டனர். நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை அவர்களுக்கு வழங்கப்பட்டது. காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுகள் அதன் ஆற்றலை உடனே உணர்ந்தனர். மக்களிடமிருந்து அட்டைகளைப் பறித்துக் கிழித்தனர். மக்களோ ஒருபுறம் அரசுக்கும் மறுபுறம் காட்டில் இருந்தோர்க்கும் அஞ்சி இடையில் நின்றனர். ஆயினும் அன்றாடக் காரியங்களுக்கு அட்டை தேவைப்பட்டபோது அது நிலைபெற்றது. அவசரகாலம் 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் முடிவுற்றது. அட்டை முடியவில்லை. அதற்கு முந்திய ஆண்டிலேயே தேசியப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. நெருக்கடிக் காலத்தில் பிறந்த ஏற்பாடு நெருக்கடியோடு மறைவதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்றாகும். இச்சான்றைப் படிப்போர் நினைவில் இருத்துதல் நன்று. பின்னர் இதன் தேவை புலனாகும்.

வானிலிருந்து வந்த வழிகாட்டி

கைப்பேசிக்கு இடமறியும் ஆற்றலைத் தந்தவற்றுள் முதன்மையானது ஜி.பி.எஸ். எனப்படும் துணைக்கோள் முறையாகும். அமெரிக்கத் தற்காப்புத் துறை தன் படைகளின் பயன்பாட்டுக்காக அதனை உருவாக்கிற்று. அதன் முதல் துணைக்கோள் 1978ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஏவப்பட்டது. 1983ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழிதவறிச் சோவியத்து வான்வெளியில் நுழைந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். வழி அறியாமையால் நேர்ந்த அத்துயரத்திற்குப் பின்னர், இம்முறை பொதுமக்கள் பயன்பாட்டிற்கும் திறந்துவிடப்படும் என அதிபர் ரீகன் அரசு அறிவித்தது.

எனினும் பொதுமக்களுக்கு அளிக்கப்பட்ட குறிப்பலைகளில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டிருந்தது. அதனால் ஏறத்தாழ 100 மீட்டர் அளவுக்கு இடம் பிசகியது. கப்பலுக்கு அது போதும். தெருவில் வீடு தேடுவோனுக்குப் போதாது. 2000ஆம் ஆண்டு மே முதல் நாள் அதிபர் கிளிண்டன் அப்பிழையை நீக்கக் கட்டளையிட்டார். அன்று முதல் இருபது மீட்டருக்கும் குறைவான பிசகோடு எவரும் தம் இடத்தை அறியலாயிற்று. இன்று நாம் காணும் வழிகாட்டிச் செயலிகள் அனைத்திற்கும் அக்கட்டளை ஒரு திறவுகோல் எனலாம்.

இவ்விடத்தில் மாணவர்கள் தெளிவாக உணர வேண்டிய அறிவியல் உண்மை ஒன்றுண்டு. ஜி.பி.எஸ். கருவி வானிலிருந்து வரும் காலக் குறிப்புகளைக் கேட்டு, குறைந்தது நான்கு துணைக்கோள்களின் தொலைவைக் கணக்கிட்டுத் தன் இடத்தைத் தானே அறிந்துகொள்கிறது. துணைக்கோளுக்கு அதனைக் கேட்பவர் யார் என்பது தெரியாது. வானொலி நிலையத்துக்கு நேயர் எந்த வீட்டில் அமர்ந்து கேட்கிறார் என்பது தெரியாததைப் போன்றதே இதுவும். அவ்வாறு அறிந்த இடத்தைக் கைப்பேசி இணையத்தின் வழியே மற்றவருக்கு அனுப்பும்போதுதான் ஒருவரின் இருப்பிடம் பிறர் கைக்குச் செல்கிறது. ஆகவே, இடத்தை அறிதல் வேறு. இடத்தை அறிவித்தல் வேறு. மக்களின் தயக்கம் முன்னதைப் பற்றியதன்று, பின்னதைப் பற்றியதே.

ஆய்வாளர் வகுத்த அளவுகோல்கள்

புதுமையை மக்கள் ஏற்கும் முறையை அறிஞர்கள் முன்னரே ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோள விதையை உழவர்கள் ஏற்றுக்கொண்ட விதத்தை ரையன், கிராஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டனர். விதையைப் பற்றிய செய்தியை உழவர்களுக்கு முதலில் கொண்டுவந்தவர் விற்பனையாளர். ஆனால் அவர்களின் மனத்தை மாற்றியவர் அண்டை நிலத்து உழவர். அவ்வாறு மனம் மாறியவரும் தம் நிலம் முழுவதிலும் ஒரே ஆண்டில் விதைத்துவிடவில்லை. ஒரு சிறு பகுதியில் விதைத்துப் பார்த்தே பின்னர் விரித்தனர். அந்த ஐயோவா மண்ணிலே பிறந்த எவரெட் ரோஜர்ஸ், இத்தகைய ஆய்வுகளைத் திரட்டி 1962இல் ஒரு நூலாக்கினார். பழையதைவிட நன்மை தருதல், பழக்கவழக்கத்தோடு பொருந்துதல், எளிமை, சோதித்துப் பார்க்க இடமளித்தல், பயன் கண்ணுக்குத் தெரிதல் என ஐந்து பண்புகளை அவர் கூறினார்.

1989இல் பிரெட் டேவிஸ் என்பார் கணினியைக் குறித்து இவ்வினாவை எழுப்பினார். பயனுடையது என்னும் எண்ணமும் கையாள எளியது என்னும் எண்ணமுமே மக்களை ஏற்கச் செய்கின்றன என்றும், அவ்விரண்டனுள் பயனே வலிமை மிக்கது என்றும் அவர் கண்டார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளிலும் பேசப்படும் இக்கொள்கைகள் சிறந்தவையே. ஆயினும் மக்காச்சோள விதை உழவனைப் பற்றி எவரிடமும் எதுவும் கூறுவதில்லை. இருப்பிடம் அறிவிக்கும் கருவியோ, பயன்படுத்துவோனைப் பற்றிப் பிறரிடம் கூறுகிறது. ஆதலால் இங்கே மேலும் சில வினாக்கள் எழுகின்றன. அவை எவை என்பதை நம் இரு நாடுகளின் வரலாறே காட்டும்.

வாடகைக்காரும் கைப்பேசியும்

2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோலாலம்பூரில் மைதெக்சி என்னும் செயலி தொடங்கப்பட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற மலேசியர்களான ஆண்டனி டான், டான் ஹூய் லிங் ஆகிய இருவரும் அதனைத் தோற்றுவித்தனர். அதுவே பின்னர் கிரேப் எனப் பெயர் பெற்றது.

அக்காலத்தில் கோலாலம்பூர் வாடகைக்கார்களைப் பற்றிப் பயணிகளிடையே குறைகள் மிகுந்திருந்தன. மீட்டரைப் போடாமல் பேரம் பேசுவதும், பக்கத்து இடத்துக்கு வர மறுப்பதும் வழக்கமாயிருந்தன. இரவில் தனியே செல்லும் பெண்கள் அச்சத்தோடு பயணம் செய்தனர். செயலியில் ஓட்டுநரின் பெயரும் படமும் கார் எண்ணும் முன்னரே தெரிந்தன. கார் எங்கே வருகிறது என்பது படத்தில் நகர்ந்து காட்டியது. செல்லும் வழியை வீட்டாருக்கும் அனுப்பிவைக்க முடிந்தது. தன் இருப்பிடத்தை அறிவிப்பது ஆபத்து என்று எண்ணியிருக்கக் கூடிய பெண்ணுக்கு, அறிவிப்பதே பாதுகாப்பாயிற்று. மகள் பத்திரமாக வருகிறாளா என்று வாயிலில் காத்திருக்கும் தாய்க்கு அந்த நகரும் புள்ளி ஆறுதல் தந்தது. அதனால்தான் மக்கள் இதனை விரைந்து ஏற்றனர்.

ஓட்டுநர்களின் நிலை வேறு. தொடக்கத்தில் அவர்களுள் பலரிடம் திறன்பேசியே இல்லை. நிறுவனத்தார் ஓட்டுநர்களை நேரில் தேடிச் சென்று பழக்கிக் காட்ட வேண்டியிருந்தது. ஒருவர் இரண்டு பயணிகளைக் கூடுதலாகப் பெற்றதைக் கண்ட பின்னரே மற்றவர் சேர்ந்தனர். ஐயோவா உழவரின் கதை ஈண்டும் நிகழ்ந்தது.

பின்னர், தனியார் கார் வைத்திருப்போரும் பயணிகளை ஏற்றலாயினர். உரிமம் பெற்று ஓட்டியவர்கள் தம் பிழைப்புப் பறிபோவதாகக் குரலெழுப்பினர். மலேசிய நாடாளுமன்றம் 2017இல் சட்டத்தைத் திருத்தி இத்தொழிலை நெறிப்படுத்திற்று. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள், ஊபர் நிறுவனம் தென்கிழக்காசியத் தொழிலைக் கிரேப்பிடம் ஒப்படைத்து வெளியேறியது. அதனால் போட்டி குறைந்தது எனக் கண்ட சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம், அவ்வாண்டு செப்டம்பரில் இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. ஒன்று பிடிக்காவிடில் மற்றொன்றுக்குச் செல்லலாம் என்னும் நிலை இருக்கும்வரை மக்களின் கையில் ஒரு கோல் இருக்கிறது. அந்நிலை சுருங்கும்போது அக்கோலும் சிறுக்கிறது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் வாய்ப்பும் ஏற்புக்கு ஓர் அடிப்படை என்பதை இதனால் அறியலாம்.

விளையாட்டு உணர்த்திய பாடம்

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் போக்கிமோன் கோ என்னும் விளையாட்டு இவ்வட்டாரத்தில் அறிமுகமாயிற்று. ஆடுவோர் உண்மையான தெருக்களில் நடந்து சென்று, கைப்பேசியில் தோன்றும் கற்பனை விலங்குகளைப் பிடிக்க வேண்டும். சிங்கப்பூரில் ஹவ்காங் வட்டாரத்து 401ஆம் புளோக்கருகே அரிய விலங்குகள் கிடைக்கும் என்னும் செய்தி பரவியது. இரவில் நூற்றுக்கணக்கானோர் அங்கே திரண்டனர். சாலையில் நெரிசல் ஏற்பட்டது, குப்பை சேர்ந்தது, குடியிருப்போர் உறக்கமிழந்து முறையிட்டனர்.

இவ்விளையாட்டைக் கைக்கொள்ள எவருக்கும் ஆய்வும் தேவைப்படவில்லை, அறிவுரையும் தேவைப்படவில்லை. எளிமையும் இன்பமும் போதுமாயிருந்தன. ஆனால் அதன் சுமை விளையாடாதவர் தலையில் விழுந்தது. ஒரு கருவியை ஏற்பவர் மட்டுமே அதன் விலையைக் கொடுப்பதில்லை. ஏற்காத அயலாரும் கொடுக்க நேரும். இவ்வுண்மை நான்கு ஆண்டுகளுக்குப் பின் மிகப் பெரிய அளவில் தலைகீழாக வெளிப்பட்டது. கொள்ளை நோய்க் காலத்தில், கருவியை ஏற்காதவர் அயலாருக்குச் சுமையாவார் என்று சொல்லப்பட்டது.

சிங்கப்பூரின் சோதனை

கோவிட்-19 பரவிய 2020ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள், சிங்கப்பூர் அரசு டிரேஸ்டுகெதர் என்னும் செயலியை வெளியிட்டது. அது புளூடூத் அலைகளின் வழியே அருகருகே இருக்கும் கைப்பேசிகளை ஒன்றையொன்று குறித்துக்கொள்ளச் செய்தது. எந்த இடத்தில் இருந்தார் என்பதை அது சேர்க்கவில்லை. யாருக்கு அருகில் இருந்தார் என்பதையே மறையெழுத்தில் சேர்த்தது. அக்குறிப்பும் அவரவர் கைப்பேசியிலேயே தங்கிக் குறித்த நாள்களில் அழிந்துவிடும். நோய் கண்டவரிடம் மட்டுமே சுகாதார அமைச்சு அதனைக் கேட்டுப் பெறும். ஏப்ரல் மாதத்தில் அதன் மென்பொருள் நிரலும் எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டது.

மக்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் சேர்ந்தால்தான் பயன் விளையும் என்று அமைச்சர் லாரன்ஸ் வோங் கூறினார். ஆனால் முதல் மாதத்தில் ஐந்தில் ஒருவரே சேர்ந்தனர். காரணங்கள் பல. ஐபோன் வைத்திருந்தோர் செயலியை எப்போதும் திறந்தே வைக்க வேண்டியிருந்தது. மின்கலம் விரைவில் தீர்ந்தது. வீட்டிலேயே அடைந்திருந்த நாள்களில் அதன் பயன் கண்ணுக்குத் தெரியவில்லை. மேலும், பிறர் சேராதவரை ஒருவர் மட்டும் சேர்ந்து பயனில்லை என்பது இதன் இயல்பு. டேவிஸ் கூறிய இரண்டும், அதாவது பயனும் எளிமையும், தொடக்கத்தில் குறைவாகவே இருந்தன.

அவ்வாண்டு மே மாதத்தில் சேஃப்என்ட்ரி என்னும் முறை கட்டாயமாயிற்று. கடைக்குள் நுழைவோர் கியூ.ஆர். குறியீட்டை வருடியோ அடையாள அட்டையைக் காட்டியோ பதிய வேண்டும். இது யார், எந்த இடத்தில், எந்த நேரத்தில் இருந்தார் என்பதைச் சேர்த்தது. ஜூன் மாதத்தில், கைப்பேசி இல்லாதோர்க்காகக் கையடக்கக் கருவி ஒன்று வழங்கப்படும் என அரசு அறிவித்தது. அதனை எதிர்த்து இணையத்தில் எழுந்த விண்ணப்பத்தில் பல்லாயிரவர் கையொப்பமிட்டனர். அரசு வல்லுநர் சிலரை அழைத்து, அக்கருவியின் உள்ளமைப்பைக் காட்டிற்று. அதில் ஜி.பி.எஸ். இல்லை என்பதும் இணையத் தொடர்பு இல்லை என்பதும் எடுத்துரைக்கப்பட்டன. ஜூன் 28ஆம் நாள் முதல் முதியோர்க்கும், செப்டம்பர் முதல் சமூக மன்றங்களில் பொதுமக்களுக்கும் கருவி வழங்கப்பட்டது. முதியோர் பலர் அதனைக் கழுத்திலும் பையிலும் தொங்கவிட்டுச் சென்றனர். திறன்பேசியைக் கையாளத் தெரியாதவரை விட்டுவிடாத அந்த ஏற்பாடு பாராட்டத்தக்கதாகும்.

2020ஆம் ஆண்டின் இறுதியில் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதற்கு மக்களின் சேர்க்கையும் ஒரு நிபந்தனையாக வைக்கப்பட்டது. செயலியோ கருவியோ இன்றிப் பொது இடங்களுக்குச் செல்ல இயலாத நாள் வருகிறது என்றும் அறிவிக்கப்பட்டது. சேர்ந்தோர் தொகை உயர்ந்தது. 2021 ஜனவரித் தொடக்கத்தில் மக்களில் 78 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 42 லட்சம் பேர், இணைந்திருந்தனர்.

வாக்கும் சட்டமும்

தொற்றுத் தொடர்பைக் கண்டறிய மட்டுமே இத்தகவல் பயன்படும் என்பது மக்களுக்கு அளிக்கப்பட்டிருந்த வாக்கு. 2021ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், நாடாளுமன்றத்தில் எழுந்த வினாவுக்கு விடையளித்த உள்துறைத் துணையமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்க் காவல் துறையினர் இத்தகவலைப் பெற அதிகாரமுண்டு என்று தெரிவித்தார். ஒரு கொலை வழக்கின் விசாரணையில் அவ்வாறு பெறப்பட்டதும் வெளியாயிற்று. செயலித் திட்டத்துக்குப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், முன்னர் வாக்களித்தபோது அச்சட்டத்தைத் தாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

கொலை செய்தவனைக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று மக்கள் எவரும் கூறார். மக்களை வருத்தியது வேறு. ஒரு நோக்கத்திற்காகக் கொடுத்தது மற்றொரு நோக்கத்திற்குச் சென்றது என்பதே அவ்வருத்தம். அண்டை வீட்டுக்காரரிடம் திருட்டுப் பயத்திற்காகச் சாவியைக் கொடுத்து வைத்தவர், அவர் வேறு நல்ல காரியத்திற்கே வீட்டைத் திறந்திருந்தாலும், ‘என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே’ என்று மனம் நோவார் அல்லவா?

அரசு அந்த நோவைப் புறக்கணித்துவிடவில்லை. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் நாடாளுமன்றம் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பயங்கரவாதம், கொலை, ஆட்கடத்தல், கடுமையான பாலியல் குற்றம் முதலான ஏழு வகைக் கொடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே தகவலைப் பெறலாம் என அது வரையறுத்தது. தகவலை முறைகேடாகப் பயன்படுத்துவோர்க்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்றது. அமைச்சர் நாடாளுமன்றத்தில் வருத்தமும் தெரிவித்தார்.

இங்கே ஒரு செய்தியை மறத்தல் கூடாது. சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த எழுந்தவை. அரசு அமைப்புகள் அவற்றின் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தன. ஆதலின் பிப்ரவரிச் சட்டம் வரும்வரை, டிரேஸ்டுகெதர் தகவலைக் காத்த வேலி பெரும்பாலும் அமைச்சர்களின் வாய்ச்சொல்லே ஆகும். நல்லெண்ணத்தோடு கூறப்பட்ட சொல்லும், பழைய சட்டத்தின் முன் நிற்க இயலாமற் போயிற்று.

2021 மே 17 முதல் பெரும்பாலான பொது இடங்களில் நுழைவதற்குச் செயலியோ கருவியோ கட்டாயமாயிற்று. அதன்பின் சேர்ந்தோர் விழுக்காட்டைக் காட்டி மக்கள் நம்பிவிட்டனர் என்று கூறுதல் பொருந்தாது. கட்டாயத்தினால் கையில் எடுத்ததும் நம்பிக்கையினால் கையில் எடுத்ததும் கணக்கேட்டில் ஒன்று போலவே தோன்றும். உள்ளத்தில் அவை இரண்டும் ஒன்றல்ல.

மலேசியாவின் அனுபவம்

மலேசியாவில் 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கடைகள் மீண்டும் திறந்தபோது, வாயிலில் ஒரு மேசையும் நோட்டுப் புத்தகமும் பேனாவும் இருந்தன. வருவோர் தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுத வேண்டும். அடுத்து வருபவர் எவரும் அவற்றைப் படிக்க முடியும். முன்பின் அறியாதவர் கண்ணில் தம் எண் படுவதைப் பெண்கள் பெரிதும் விரும்பவில்லை. ஒரே பேனாவைப் பலர் தொடுவதும் அச்சமூட்டியது.

ஏப்ரல் 16ஆம் நாள் வெளியிடப்பட்ட மைசெஜாத்ரா செயலி, பின்னர்க் கடைதோறும் நுழைவுப் பதிவுக்குப் பயன்பட்டது. சிலாங்கூர் மாநிலம் செலங்கா என்னும் தனி முறையையும் அமைத்தது. நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் இவை மக்களுக்கு விரைவையும் மறைவையும் தந்தன. புதிய கருவி எப்போதும் அந்தரங்கத்தைக் குறைக்கும் என்று கருதுவது தவறு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. மக்கள் ஒரு கருவியை வெறும் வெளியில் வைத்து மதிப்பிடுவதில்லை. அதற்கு முன்னிருந்த வழியோடு ஒப்பிட்டே மதிப்பிடுகின்றனர்.

2021இல் தடுப்பூசிக்குப் பதிந்துகொள்வதும் சான்றிதழ் பெறுவதும் அச்செயலியின் வழியே நடைபெற்றன. பயன் பெருகியது, மக்கள் அதனைக் கைவிட முடியாதவாறு பழகினர். பெற்றோர்க்காகப் பிள்ளைகள் பதிந்து கொடுத்தனர். இளையோர் முதியோர்க்குக் கற்பிக்கும் புதிய பள்ளி, வீடுகளிலேயே நடந்தது.

எனினும் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு வினா எழுந்தது. இச்செயலியைத் தனியார் நிறுவனம் ஒன்று சமூகக் கடமையாக உருவாக்கித் தந்திருந்தது. அதன் உரிமை யாருக்கு, அதில் உள்ள மக்கள் தகவல் யாருடையது என்பது நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு வரையில் பேசப்பட்டது. தகவல் அரசுக்கே உரியது என்று அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் உறுதி கூறினார். ஆயினும் நுழைவுப் பதிவுகள் குறைந்தன. மே முதல் நாள் நுழைவுப் பதிவுக் கட்டாயம் நீக்கப்பட்டது. ஈராண்டுக் காலம் எண்ணற்ற முறை குறியீட்டை வருடிய மக்கள், ‘இதை வைத்திருப்பவர் யார்?’ என்று அப்போதுதான் உரக்கக் கேட்டனர். பயன் மிகுந்திருந்தபோது உறங்கிய வினா, பயன் குறைந்தபோது விழித்தது.

கருவியைத் திருப்பிக் கொடுத்த நாள்

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் டிரேஸ்டுகெதர், சேஃப்என்ட்ரி இரண்டும் நிறுத்தப்பட்டன. மக்கள் கையடக்கக் கருவிகளைச் சமூக மன்றங்களில் திருப்பிக் கொடுத்தனர். அடையாளம் காணத்தக்க தகவல்கள் அழிக்கப்பட்டன என்று அரசு அறிவித்தது. 2020ஆம் ஆண்டுக் கொலை வழக்கொன்றிற்குரிய தகவல் மட்டும் வைத்துக்கொள்ளப்பட்டது. அவ்விலக்கும் வெளிப்படையாகவே கூறப்பட்டது.

1948ஆம் ஆண்டின் அடையாள அட்டை, அதனைப் பிறப்பித்த நெருக்கடி முடிந்த பின்னரும் நிலைத்து நின்றதை முன்னர்க் கண்டோம். 2020ஆம் ஆண்டின் கருவியோ நெருக்கடி முடிந்ததும் திரும்பப் பெறப்பட்டது. இவ்வேற்றுமை தானாக வந்ததன்று. மக்கள் எழுப்பிய வினாவும், அதற்கு நாடாளுமன்றத்தில் கிடைத்த விடையும், அவ்விடையை எழுத்தில் வடித்த சட்டமும் இடையில் நின்றமையால் வந்தது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, இருப்பிடம் அறிவிக்கும் கருவிகளை மக்கள் நான்கு வினாக்களால் நிறுத்துப் பார்க்கின்றனர் என்பது பெறப்படும். இதனால் எனக்கும் என்னைச் சார்ந்தோர்க்கும் என்ன பயன்? இதனைக் கையாள்வது எளிதா? என்னைப் பற்றிய செய்தி யாரிடம், எத்தனை நாள், எந்த நோக்கத்திற்காக இருக்கும்? வேண்டாம் என்று நான் சொன்னால் என் வாழ்வு நடைபெறுமா? முதலிரண்டு வினாக்களுக்கு விடை நன்றாயின் கருவி விரைந்து பரவும். பின்னிரண்டுக்கும் விடை நன்றாயின்தான் அது மக்களின் மனத்தில் நிலைபெறும்.

முதலிரண்டையும் எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைப்பேசியைத் தொட்ட சிறுவனும் அவற்றைத் தானே கேட்டுக்கொள்வான். பின்னிரண்டையும் கேட்பதற்கு மட்டும் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியைத் தருமிடம் வகுப்பறையாகும். செயலி ஒன்று இருப்பிடத்தைக் கேட்கும்போது, ‘ஒப்புகிறேன்’ என்னும் பொத்தானைத் தொடுவதற்கு முன், எதற்கு ஒப்புகிறோம் என்று படித்துப் பார்க்கும் பழக்கம் மொழிப் பாடத்தின் ஒரு பகுதியாகவே அமையலாம். படித்துப் பொருளுணர்தல் என்பது பாட நூலோடு முடிந்துவிடுவதன்று.

ஒருவரை ஆராய்ந்து பார்த்துப் பின் நம்புவதற்கென்றே ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். மன்னன் தன் அமைச்சரைத் தெளிவதற்கு அஃது உரைக்கப்பட்டது. இன்று குடிமகன் ஒவ்வொருவனும் தன் கையிலுள்ள கருவியையும், அக்கருவிக்குப் பின்னால் இருப்போரையும் தெளிய வேண்டியவனாகிறான். கேட்டுத் தெளிந்து ஏற்கும் மக்களுக்கே கருவி துணையாகும். அவ்வாறு கேட்கும் இளைஞர்களை உருவாக்குதல் ஆசிரியர் கடமையாகும்.